சிலிண்டர் தீரும் முன் வண்டி சேர: அவசர விநியோகத்துக்கு வழித்தடம் வகுத்த பதினொரு வாரங்கள்

போன வெள்ளத்தில் மின்சாரம் நின்ற இரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்கு, எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பழைய மடிக்கணினி 27 வீடுகளுக்கும் 4 வண்டிகளுக்கும் பத்து நொடியில் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தது. 11.40-க்குள் 26 வீடுகளுக்கு முதல் சுற்று ஆக்சிஜன் சிலிண்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி ஒரு வீட்டுக்கு எந்த வண்டியாலும் போக முடியாது என்பதைத் திட்டமே முதல் வரியில் சிவப்பில் காட்டியது. அதனால் மற்ற வண்டிகள் புறப்படும்போதே அந்த வீட்டுக்குப் படகு தேட ஆரம்பித்துவிட்டோம். இந்த இடத்துக்கு வர எனக்குப் பதினொரு வார இறுதிகள் பிடித்தன. அவற்றில் பாதிக்கு மேல், தவறான கணக்கை நேர்த்தியாகப் போடுவதிலேயே கழிந்தன. அடுத்துச் செய்பவருக்கு அந்த வாரங்களாவது மிச்சமாகட்டும் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

வேலை இதுதான். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்து மூச்சுவிடும் நோயாளிகளுக்கு மின்சாரம் போனால் அந்த இயந்திரம் நின்றுவிடும். மாற்றுக்கு வைத்திருக்கும் சிலிண்டர் சில மணி நேரம்தான் வரும். எங்கள் தன்னார்வக் குழு, காலி சிலிண்டரை வாங்கிக்கொண்டு நிறைந்ததைக் கொடுத்துவிட்டு வரும். நாங்கள் கையாள்வது 10 லிட்டர் நீர்க்கொள்ளளவு (உள்ளே தண்ணீர் ஊற்றினால் கொள்ளும் அளவு) கொண்ட சிலிண்டர். நிறைந்தது ஒன்று எங்கள் தராசில் 16 கிலோ காட்டியது. ஒரு வண்டியில் 12 சிலிண்டர்களை நிற்க வைத்துக் கட்டத் தாங்கிகள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், வெள்ளைப் பலகையில் வீடுகளை எழுதி வண்டிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். பதினைந்து வீடுகள் வரை அவர் போடும் திட்டத்தில் குறை சொல்ல முடியாது. இருபதைத் தாண்டியபோது பலகையும் போதவில்லை, தூக்கமும் போதவில்லை. 10 வீடுகளுக்கு ஒரே வண்டி எந்த வரிசையில் போகலாம் என்பதற்கே 36,28,800 வழிகள் இருக்கின்றன. அந்தச் சுமையை மட்டும் கணினியிடம் இறக்கிவைத்துவிட்டு, முடிவை அக்காவின் கையிலேயே விட வேண்டும் என்பதுதான் முதல் நாளிலிருந்து என் எண்ணம்.

முதல் முயற்சி எக்செல் தாளில். ஒவ்வொரு வீட்டுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்து வீடுகளுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம். அதன் மேல் கிளார்க், ரைட் இருவரும் 1964-இல் வெளியிட்ட சேமிப்பு முறை: இரண்டு வீடுகளுக்குத் தனித்தனியாகப் போய் வருவதற்குப் பதில் ஒரே சுற்றில் சேர்த்தால் எவ்வளவு தூரம் மிச்சம் என்று பார்த்து, அதிகம் மிச்சமாகும் இணைகளை முதலில் சேர்த்துக்கொண்டே போவது. ஒரு மதிய நேரத்தில் எழுதி முடிக்கலாம். இன்றும் இதைக் கைவிடவில்லை, கணினி படுத்துவிட்டால் தாளிலேயே போடலாம். முறை சரியாக இருந்தது, தூரம்தான் பொய்யாக இருந்தது. 12-ஆம் எண் வீட்டுக்கும் 17-ஆம் எண் வீட்டுக்கும் நேர்க்கோட்டில் 300 மீட்டர். நடுவே கால்வாய். சாலை வழியே 6.8 கி.மீ. என் தாள் அவை இரண்டையும் அண்டை வீடுகளாக எண்ணிச் சேர்த்துப் போட்டிருந்தது. ஒத்திகைக்கு வந்த ஓட்டுநர் காகிதத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “தம்பி, இது பறவைக்குப் போட்ட வழி” என்றார்.

ஆகவே சாலைத் தூரம் வேண்டும். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும் என்பதால், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தின் தரவையும், அதன் மேல் ஓடும் ஓஎஸ்ஆர்எம் என்ற வழித்தட இயந்திரத்தையும் மடிக்கணினியிலேயே நிறுவினேன். இரண்டும் இலவசம், செலவு நேரமும் நினைவகமும்தான். என்னிடம் இருப்பது 8 ஜி.பி. ரேம். முழு நாட்டு வரைபடத்தைக் கொடுத்தபோது பாதியிலேயே நினைவகம் தீர்ந்து நின்றுவிட்டது. ஒஸ்மியம் என்ற கருவியால் எங்கள் வேலைக்கு வேண்டிய 60 கி.மீ. சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்ததும் மூன்று நிமிடத்தில் தயாராகிவிட்டது. அடுத்த முறை செய்பவர்கள் வெட்டும் வேலையிலிருந்தே தொடங்கலாம். எனக்கு அங்கே ஒரு முழு ஞாயிறு போயிற்று.

28 புள்ளிகளுக்கு (27 வீடுகளும் எங்கள் கிடங்கும்) 28-க்கு 28, ஆக 784 பயண நேரங்கள் கொண்ட அட்டவணை ஒரு நொடிக்குள் வந்துவிட்டது. முதல் அட்டவணையில் ஏறக்குறைய எல்லாமே பூஜ்யம். காரணம் தேட ஒரு மாலை ஆனது. ஓஎஸ்ஆர்எம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும், அட்சரேகையை அடுத்து. நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அது பிழை என்று சொல்லி நிற்கவில்லை. கொடுத்த புள்ளிக்கு எங்கிருந்தாலும் மிக அருகில் உள்ள சாலையில் ஒட்டிவைத்துக்கொள்வது அதன் வழக்கம். என் 28 புள்ளிகளும் வரைபடத்தின் ஒரு மூலைச் சாலையில் குவிந்துவிட்டன. அந்த ஒட்டும் வழக்கத்தை அப்போதே முழுவதும் புரிந்துகொண்டிருந்தால் அடுத்த தவறும் நடந்திருக்காது. வரிசையைத் திருத்திய பிறகும் 17-ஆம் எண் வீடு கால்வாயின் எதிர்க்கரைச் சாலையில் ஒட்டியிருந்தது; அந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தச் சாலைதான் அருகில். இப்போது இரண்டு காவல்கள் வைத்திருக்கிறேன். கொடுத்த புள்ளிக்கும் ஒட்டிய புள்ளிக்கும் உள்ள இடைவெளியை ஓஎஸ்ஆர்எம் தானே திருப்பித் தருகிறது. அது 50 மீட்டரைத் தாண்டினால் அந்த வீடு மஞ்சளாகும். மேலும், எந்த வீட்டுக்கும் புள்ளியைப் படுக்கையறையில் நின்று எடுப்பதில்லை, வண்டி நிற்கும் வாசலில் நின்று எடுக்கிறோம்.

எந்த வண்டி எந்த வீடுகளுக்கு எந்த வரிசையில் போகலாம் என்று திட்டம் போடுவதற்கு, ஓஆர்-டூல்ஸ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பை (நூலகம்) பைத்தான் நிரல்மொழியில் பயன்படுத்தினேன். வண்டிகள் 4, ஒவ்வொன்றிலும் 12 இடம், பயணத் தூரம் குறைய வேண்டும். இரண்டு சிறு விஷயங்கள்: அதற்கு முழு எண்கள்தான் வேண்டும், ஓஎஸ்ஆர்எம் பின்னம் தரும், முழுமையாக்கிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கிடைத்த திட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றி மேம்படுத்தப் பார்க்கும் வழிகாட்டப்பட்ட உள்ளூர்த் தேடல் என்ற முறைக்கு நேர வரம்பு கொடுக்காவிட்டால் அது தேடிக்கொண்டே இருக்கும். நான் முதல் நாள் இருபது நிமிடம் காத்திருந்தேன். எங்கள் அளவுக்கு 10 நொடி போதும். 30 நொடி கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடும்படி எதுவும் மேம்படவில்லை.

ஒத்திகைத் தரவில் அக்காவின் பலகைத் திட்டம் மொத்தம் 139 கி.மீ., கணினித் திட்டம் 112 கி.மீ. அந்த இரவு மிகுந்த மகிழ்ச்சியோடு அச்செடுத்துக்கொண்டு போனேன். அக்கா மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. விரலை வரிசையில் ஓட்டி, “ஒன்பதாம் வீட்டுக்கு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். புறப்பட்டு 2 மணி 50 நிமிடம் கழித்து. கிடங்குக்குத் திரும்பும் வழியில் அந்த வீடு இருந்ததால், கடைசியில் தொட்டுவிட்டு வந்தால் தூரம் மிச்சம் என்று கணினி வைத்திருந்தது. “அந்தத் தாத்தாவிடம் இருப்பது 2 மணி 13 நிமிடம்” என்றார் அக்கா.

அந்தக் கணக்கு அவர் மனதில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பல வண்டிகளைப் பல இடங்களுக்கு எப்படிப் பிரித்து அனுப்புவது என்ற இந்த வாகன வழித்தடச் சிக்கலை டான்ட்சிக், ராம்சர் இருவரும் 1959-இல் முதலில் எழுதியதே எரிபொருள் லாரிகள் பெட்ரோல் நிலையங்களுக்குப் போய் வரும் தூரத்தைக் குறைப்பதற்காக. அங்கே ஒரு மணி நேரம் தாமதமானால் பணம் போகும். எங்கள் வேலையில் போவது வேறு. குறைக்க வேண்டியது தூரம் என்று நான் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் இந்தப் பதினொரு வாரத்தின் மிகப் பெரிய தவறு. அதற்கு முன் செய்ததில் பாதியை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அக்காவின் கணக்கு எளிது. அழுத்தமானி காட்டும் எண்ணை (பார் என்ற அழுத்த அலகில்) நீர்க்கொள்ளளவால் பெருக்கினால் மீதமுள்ள ஆக்சிஜன் லிட்டரில் கிடைக்கும். நிறைந்த 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் என்றால் 1,500 லிட்டர். நோயாளி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எடுக்கிறாரோ அதால் வகுத்தால் நிமிடம். தாத்தாவின் சிலிண்டரில் 40 பார், ஆகவே 400 லிட்டர், அவர் எடுப்பது நிமிடத்துக்கு 3 லிட்டர், 133 நிமிடம். ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த நிமிடமே கெடு. வண்டி அதற்குள் போய்ச் சேர வேண்டும். தூரம் அதற்குப் பிறகுதான்.

கெடுவைச் சேர்த்த முதல் ஒத்திகையில் ஒரு வீடு 75 மணி நேரக் கெடுவோடு வரிசையின் கடைசிக்குப் போனது. 75 மணி நேரம் என்பதைப் பார்த்ததுமே நான் நிறுத்தியிருக்க வேண்டும். தொலைபேசியில் வீட்டுக்காரர் “முள் 900-இல் நிற்கிறது” என்று சொல்லியிருந்தார். நாங்கள் அப்படியே எழுதிக்கொண்டோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 900 பார் என்றால் 75 மணி நேரம். அவருடைய மானியில் இருந்த அலகு பிஎஸ்ஐ. ஒரு பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. ஆகவே 900 என்பது 62 பார்தான். உண்மையில் அவருக்கு இருந்தது 5 மணி நேரம் சொச்சம். ஒத்திகை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. இப்போது 200-க்கு மேல் எந்த எண்ணை இட்டாலும் படிவம் ஏற்றுக்கொள்ளாது. அலகைக் கேட்டு வாங்கும். முடிந்தவர்களிடம் மானியைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். முள்ளைக் குத்துமதிப்பாகச் சொல்வதாலும், மானிகளே கொஞ்சம் பிசகுவதாலும், எல்லாக் கணக்கிலும் 20 பாரைக் கழித்துவிட்டுத்தான் கெடு போடுகிறோம். அந்த 200 லிட்டர் கணினிக்குத் தெரியாத சேமிப்பு.

அடுத்து வந்த சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. கெடுவைத் தவிர்க்க முடியாத நிபந்தனையாக வைத்திருந்தேன். ஒத்திகையின் நடுவில் இரண்டு புது அழைப்புகளைச் சேர்த்தோம். ஒன்று, எந்த வண்டியும் நேரத்துக்குப் போக முடியாத வீடு. கணினி “தீர்வு இல்லை” என்று சொல்லிவிட்டு வெறுந்திரையைக் காட்டியது. ஒரு வீட்டுக்கு முடியாது என்பதற்காக மற்ற 28 வீடுகளுக்கும் திட்டம் இல்லை. அவசர வேலையில் இதைவிட மோசமான விடை கிடையாது. அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பலகையைத் துடைத்து எழுத ஆரம்பித்தார்.

ஆகவே கெடுவை அபராதமாக மாற்றினேன்: தாண்டும் ஒவ்வொரு நொடிக்கும் கனமான விலை, ஆனால் தாண்டலாம். அடியோடு முடியாத வீட்டை விட்டுவிடவும் அனுமதி, அதற்குத் தனி அபராதம். விட்டுவிட்டதற்கான அபராதத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். நூலக உதாரணம் ஒன்றைப் பார்த்து, பெரிய எண்தானே என்று நினைத்து 3,000 என்று இட்டேன். அடுத்த ஓட்டத்தில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த 23-ஆம் எண் வீடு திட்டத்தில் இல்லை. வண்டி இருந்தது, இடம் இருந்தது, கெடுவுக்கு நேரமும் இருந்தது. ஆனாலும் இல்லை. மேல்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போய் வர 58 நிமிடம், அதாவது 3,480 நொடி. விட்டுவிட்டால் 3,000. கணினி மலிவானதை எடுத்துக்கொண்டது. நான் என்ன எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது: ஒரு வீடு என்பது 50 நிமிட வண்டி ஓட்டத்துக்குச் சமம், அதைவிடத் தொலைவென்றால் போக வேண்டாம். எந்த மனிதரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாத ஒரு விதியை நான் நான்கு இலக்கங்களில் எழுதிவைத்திருந்தேன். இப்போது அந்த எண் 10,00,000. எவ்வளவு சுற்றினாலும் எட்டாத அளவு. கூடவே, விடப்பட்ட வீடு எதுவானாலும் அது திரையின் முதல் வரியில் சிவப்பில் வர வேண்டும், காரணத்தோடு: சாலை இல்லை, நேரம் போதாது, வண்டியில் இடம் இல்லை. சிவப்பு வரியைப் பார்த்த பிறகு செய்ய வேண்டியது மனிதர் வேலை. ஆம்புலன்ஸை அழைப்பது, படகு பிடிப்பது, நோயாளியைப் பக்கத்து மருத்துவமனைக்கு மாற்றச் சொல்வது. இந்தத் திட்டத்திலேயே பயனுள்ள பகுதி எது என்று கேட்டால் அந்தச் சிவப்பு வரியைத்தான் சொல்வேன்.

பயண நேரத்துக்கு வருகிறேன். ஓஎஸ்ஆர்எம்மில் காருக்கான வேகங்களை வைத்திருக்கும் விவரக்கோப்பில் குடியிருப்புத் தெருவுக்கு மணிக்கு 25 கி.மீ., முதன்மைச் சாலைக்கு 65 என்று இருக்கும். மழையில், இருட்டில், சிலிண்டர் ஏற்றிய வண்டிக்கு அது ஆகாது. ஓட்டுநர்களின் கைபேசி ஜிபிஎஸ் பதிவுகளோடு ஒப்பிட்டேன். மழை நாளில் எங்கள் வண்டிகளுக்குச் சராசரியாக 1.6 மடங்கு நேரம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் 1.6-ஆல் பெருக்கிவிட்டேன். முரட்டுத்தனமான திருத்தம்தான், ஆனால் கணக்குக்கும் நடப்புக்கும் இருந்த இடைவெளி கணிசமாகக் குறைந்தது.

பெரிய இடைவெளி சாலையில் இல்லை, வாசலில் இருந்தது. ஒரு வீட்டில் நிற்கும் நேரம் 5 நிமிடம் என்று வைத்திருந்தேன். மூன்று ஞாயிறுகள் வண்டியோடு போய் 41 நிறுத்தங்களைக் கடிகாரத்தில் அளந்தேன். நடு மதிப்பு 14 நிமிடம். கட்டை அவிழ்க்க 1 நிமிடம், கதவு திறக்க 2, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி வாஷரைச் சரிபார்த்துக் கசிவு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க 4 அல்லது 5, கையெழுத்து, காலியைத் தூக்கி வருவது. நான்காம் மாடி வீடு ஒன்றில் 23 நிமிடம் ஆனது. ஏனென்றால் லிஃப்ட் ஓடவில்லை. மின்சாரம் நின்றதால்தான் நாங்கள் போகிறோம். மின்சாரம் இல்லாத இடத்தில் லிஃப்டும் இருக்காது. எவ்வளவு வெளிப்படையான விஷயம், ஆனால் பதினாறு கிலோவைத் தோளில் வைத்து மூன்றாவது திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும் வரை அது எனக்குத் தோன்றவில்லை. அன்று வந்த ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு படியிலும் சிலிண்டரின் அடியைச் சுவரில் படாமல் கையால் அணைத்துக்கொண்டே ஏறினார். இப்போது தரைத்தளத்துக்கு 12 நிமிடம், ஒவ்வொரு மாடிக்கும் கூடுதலாக இரண்டரை நிமிடம். இந்த ஒரு மாற்றம் வந்த பிறகு, நாங்கள் வீடுகளுக்குச் சொல்லும் நேரத்தை அவர்கள் நம்ப ஆரம்பித்தார்கள். ஏழு வீடுகளுக்குத் தலா 9 நிமிடம் பிசகினால் கடைசி வீட்டுக்கு ஒரு மணி நேரம் தவறும். அதைச் சாலைக் கணக்கில் எவ்வளவு நுணுக்கம் காட்டியும் ஈடுகட்ட முடியாது.

இடக் கணக்கில் ஒரு சிறு திருத்தம். ஒன்று கொடுத்து ஒன்று வாங்கினால் 12 இடமும் கடைசி வரை நிறைந்தே இருக்கும் என்பதை மறந்திருந்தேன். ஒரு வீட்டில் பழைய காலிகள் மூன்று சேர்ந்திருந்தால் வைக்க இடம் இல்லை. இப்போது காலிகளையும் எண்ணிக் கேட்கிறோம். அவசர நாளில் மிகுதிக் காலிகளை எடுப்பதில்லை.

மூடிய சாலைகளுக்கு ஓஎஸ்ஆர்எம்மில் வசதி இருக்கிறது. சாலைத் துண்டின் தொடக்கப் புள்ளி எண், முடிவுப் புள்ளி எண், வேகம் என்று காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியலான ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதி, வேகத்தைப் பூஜ்யமாக்கினால் அந்தத் துண்டு வழியே போகாது. வரைபடத்தை முதலிலிருந்து தயாரிக்க வேண்டியதில்லை, கடைசிப் படியை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். எங்கள் சிறிய பரப்புக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் தவறியது திசையில். ஒவ்வொரு திசைக்கும் தனி வரி வேண்டும். முழுகிய தரைப்பாலத்தைப் போகும் திசையில் மட்டும் மூடியிருந்தேன். வண்டி போகும்போது சுற்றிப் போயிற்று, திரும்பும்போது நேராகத் தரைப்பாலத்துக்கே வழி வந்தது. ஓட்டுநர் தண்ணீரைப் பார்த்து நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். ஒத்திகை என்றாலும் தண்ணீர் உண்மையான தண்ணீர். அன்றிலிருந்து ஒரு துண்டை மூடினால் இரு திசைக்கும் நிரலே வரி எழுதுகிறது.

மூடியது மூடியபடியே கிடப்பது இன்னொரு கேடு. இரவில் ஒருவர் சொன்ன சாலை மூடல் மறுநாள் நண்பகல் வரை கோப்பில் இருந்தது. தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது, வண்டிகள் வீணாக 6 கி.மீ. சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு மூடலுக்கும் யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்று எழுதுகிறோம். மூன்று மணி நேரம் ஆனதும் அது மஞ்சளாகி, யாரிடமாவது கேள் என்று சொல்லும். தானாகத் திறந்துகொள்ளாது. அந்த முடிவைக் கணினியிடம் விட எனக்கு மனம் வரவில்லை.

இத்தனையும் சேர்ந்த பிறகு, கணினி வேகமாக இருப்பதே தொல்லையானது. புது அழைப்பு வரும்போதெல்லாம் முழுத் திட்டத்தையும் மறுபடி போட்டேன். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட இரண்டு மூன்று நிமிடம் நல்ல திட்டம். ஒவ்வொரு முறையும் வீடுகள் வண்டி மாறின. மாலையில் ஓட்டுநர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். “தம்பி, ஒரு மணி நேரத்தில் மூன்று முறை என்னைத் திருப்பிவிட்டீர்கள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது?” நான் மிச்சப்படுத்திய மூன்று நிமிடத்துக்கு அவரிடம் எந்த மதிப்பும் இல்லை, அது நியாயமும்கூட. இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் போய்க்கொண்டிருக்கும் வீடும் அதற்கு அடுத்த வீடும் பூட்டப்பட்டவை. மற்றவை மாறலாம்; ஆனால் ஏதோ ஒரு வீட்டின் கெடு ஆபத்தில் இருக்க வேண்டும், அல்லது மொத்தத்தில் 10 நிமிடத்துக்கு மேல் மிச்சமாக வேண்டும். மாற்றம் திரையில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அக்கா சரி என்றால்தான் வண்டிக்குப் போகும். ஒத்திகைகளில் அவர் மறுத்தவற்றை எழுதிவைத்தேன். மறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என் தரவில் இல்லாத ஏதோ ஒன்று: அந்த வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் காது கேட்காது, பழகிய ஓட்டுநர் போனால்தான் கதவு திறக்கும் என்பது போல.

ஓட்டுநருக்குத் திட்டத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினோம். ஆங்கில எழுத்தென்றால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 குறிகள்தான், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ஏழு வீடுகளின் பட்டியல் ஐந்தாறு துண்டாகி, நெரிசலான வலையமைப்பில் முன்பின்னாக வந்து சேர்ந்தது. இப்போது ஒரு செய்தியில் ஒரே வீடு: வரிசை எண், வீட்டு எண், நேரம். விலாசங்கள் முழுவதும் வண்டியில் உள்ள அச்சுத் தாளில். வலை அற்றுப்போனாலும் அந்தத் தாளோடு முதல் சுற்று முடியும்.

வெள்ளம் வந்த நான்கு நாளில் 160-க்கும் மேற்பட்ட சிலிண்டர்கள் கை மாறின. இரண்டு வீடுகளுக்குக் கெடு தாண்டித்தான் போனோம். இரண்டிலும் அந்த 20 பார் சேமிப்பு காப்பாற்றியது. ஒன்றில், நோயாளிக்கு மூச்சுத் திணறல் கூடி, வீட்டார் ஓட்டத்தை 2 லிட்டரிலிருந்து 4-க்கு ஏற்றியிருந்தார்கள். கெடு பாதியாகிவிட்டது, எங்களுக்குத் தெரியாது. வண்டி வந்தபோது முள் 10-க்கும் கீழே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் மூன்று பேர் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், வீடுகளைத் திரும்ப அழைத்துக் கேட்க யாரும் இல்லை.

அடுத்த முறை மாற்றப் போகிறவற்றில் முதலாவது அதுதான்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் அழைத்து முள்ளையும் ஓட்டத்தையும் கேட்க ஒருவர், அந்த வேலை மட்டும். கடைசியாகக் கேட்ட நேரம் பழசாகப் பழசாகக் கெடுவை நிரல் தானே சுருக்கிக்கொள்ளும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, கிடங்குக்குத் திரும்பி மறுபடி ஏற்றிச் செல்லும் சுற்றுகளையும் சேர்த்தே திட்டமிடுவது; இப்போது ஒவ்வொரு சுற்றையும் தனியாகப் போடுவதால், நண்பகலில் நான்கு வண்டிகளும் ஒரே நேரத்தில் கிடங்கு வாசலில் வரிசையில் நின்றன. மூன்றாவது, தொடக்கத்திலேயே அக்காவோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டையும் ஏன் அந்த இடத்தில் எழுதுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வது. நான் அதை ஏழாவது வாரத்தில் செய்தேன்.

பதிவேட்டில் மாடி எண் இல்லாத வீடுகள் இன்னும் 9 இருக்கின்றன. வரும் ஞாயிறு அவற்றுக்கு நேரில் போய், ஒரு காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி அளந்து வரப் போகிறோம்.